வீட்டு லேத்தைக் காட்டப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் சென்னையில் கார் ஷெட்டிலும், மொட்டைமாடி அறையிலும், மாடிப்படிக்குக் கீழேயும் கடைசல் வேலை செய்கிறார்கள். ஒருவர் லேத்தை இன்னொருவர் பார்க்க வருவது வழக்கம். ஆயுத பூஜை வாரம் அதற்கு நல்ல சாக்கு. அப்படி வருகிறவர்கள் கேட்பதும், காட்டப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. பெயின்ட்டைவிட டயல் கேஜ் (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் கருவி) சொல்வதையே நம்பும் கட்சிக்காரர்கள் எழுதியது என்பதைப் படிக்கும்போது நினைவில் வையுங்கள்.

"என்ன சைஸ் லேத்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

பட்டறைக்காரர் "நாலரை அடி", "ஆறடி" என்பார். அது பெட்டின், அதாவது எல்லாம் உட்காரும் அடித்தளத் தண்டவாளத்தின், மொத்த நீளம். சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கும் உட்காரும் இடம் போக மிஞ்சுவதுதான் ஜாப் (கடையும் துண்டு) பிடிக்கக் கிடைக்கும் நீளம். நாலரை அடி லேத்தில் நாலரை அடிக் கம்பியைக் கடையலாம் என்று வந்தவர் நினைத்துக்கொண்டு போனால் குற்றம் உங்கள் மேல்தான்.

மேசை லேத்தில் குழப்பம் வேறு மாதிரி. சீன மினி லேத்தை "7க்கு 14" என்கிறார்கள். பெட்டுக்கு மேல் சுழலக்கூடிய விட்டம் 7 அங்குலம், ஜாப்பை இரு முனையிலும் தாங்கும் சென்டர்களுக்கு நடுவே 14 அங்குலம் என்று அர்த்தம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் செய்த மைஃபோர்டு எம்.எல்.7 லேத்தை அந்த ஊர்க்காரர்கள் "மூன்றரை அங்குலம்" என்பார்கள். அவர்கள் சொல்வது பெட்டிலிருந்து சென்டர் வரை உள்ள உயரம், அதாவது ஆரம். சுழலும் விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே நான்கு எண்களைச் சொல்லுங்கள்: பெட்டுக்கு மேல் விட்டம், கிராஸ் ஸ்லைடுக்கு (உளியைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) மேல் விட்டம், சென்டர் தூரம், ஸ்பிண்டில் (ஜாப்பைச் சுழற்றும் தண்டு) துளை. இரண்டாவதைப் பலரும் சொல்வதில்லை, வேலைக்கு உண்மையில் உதவுவதோ அதுதான். உதாரணத்துக்கு சீக் சி3 வகை மினி லேத்தில் பெட்டுக்கு மேல் 180 மி.மீ. சுழலும், கிராஸ் ஸ்லைடுக்கு மேல் 110 மி.மீ.தான். ஸ்பிண்டில் துளை 20 மி.மீ. அனுபவசாலி முதலில் கேட்பது இந்தத் துளையைத்தான். 25 மி.மீ. கம்பி உள்ளே நுழையாது என்றால் ஒவ்வொரு முறையும் கம்பியைத் துண்டு போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

வருகிறவர் டயல் கேஜோடு வந்தால் எதை முதலில் அளப்பார்?

ஸ்பிண்டிலை. ஜாப்பைக் கவ்வும் சக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலின் உள் டேப்பரை (கூம்புத் துளையை) துணியால் சுத்தமாகத் துடைத்து, வாய்ப்பக்கத்தில் லீவர் டயலின் முனையை வைத்துக் கையால் சுற்றிப் பார்ப்பார். முள் 0.01 மி.மீ.க்குள் நின்றால் நல்ல ஸ்பிண்டில். அடுத்து சக்கில் 300 மி.மீ. நீளமுள்ள தடித்த கம்பியைப் பிடித்து, ஹெட்ஸ்டாக் ஓரமாகச் சக்கின் மேல் டயலை வைத்துவிட்டு, கம்பியின் நுனியைக் கையால் மேலே தூக்குவார். முள் 0.02க்கு மேல் நகர்ந்து, விட்டதும் திரும்பி வந்தால் பேரிங் லூஸ். அதை முன்கூட்டியே நீங்களே பார்த்து நட்டை இறுக்கி வைத்துவிடுவது மரியாதை. ஆனால் இறுக்கிய பிறகு அரை மணி நேரம் வேகமாக ஓட்டி, ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம்.

த்ரீ ஜா (மூன்று தாடை) சக்கில் பிடித்தால் 0.07 மி.மீ. அவுட் (நடுவிலிருந்து விலகல்) காட்டுகிறது. லேத் கெட்டுவிட்டதா?

இல்லை. சாதாரண த்ரீ ஜா சக்கில் 0.05 முதல் 0.08 வரை அவுட் இருப்பது இயல்பு. ஒரே பிடிப்பில் எல்லாப் பக்கமும் கடைந்துவிட்டால் அந்த அவுட் ஜாப்பில் வராது. திருப்பிப் பிடிக்க வேண்டிய வேலைக்கு ஃபோர் ஜா சக்கில் டயல் வைத்துச் செட் பண்ணுங்கள். பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை.

0.2, 0.3 என்று காட்டினால் மட்டும் சக்கைக் கழற்றுங்கள். ஜா ஒன்று எண் மாறி ஏறியிருக்கும், அல்லது சக்குக்கும் அதைத் தாங்கும் பிளேட்டுக்கும் நடுவே உலோகச் சீவல் சிக்கியிருக்கும்.

கம்பியைக் கடைந்தால் ஒரு முனை தடித்தும் ஒரு முனை மெலிந்தும் வருகிறது. எங்கே தப்பு?

டெயில்ஸ்டாக்கில் தாங்கிக் கடைந்திருந்தால் முதல் சந்தேகம் டெயில்ஸ்டாக் மேல்தான்; அதன் பக்கவாட்டுத் திருகைச் சரிசெய்தால் போதும். டெயில்ஸ்டாக் இல்லாமலேயே டேப்பர் வந்தால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் லேத்தைச் சமமில்லாத மேசையில் வைத்து நான்கு போல்ட்டையும் ஆவேசமாக இறுக்கியதன் பலன்.

சோதிக்கும் முறை இது. 25 மி.மீ. விட்டமுள்ள கம்பியைச் சக்கிலிருந்து 110 மி.மீ. வெளியே நிற்கும்படி பிடியுங்கள். நடுப்பகுதியை இரண்டு மி.மீ. குறைத்து, சக்கின் ஓரத்தில் 15 மி.மீ. அகலமும் நுனியில் 15 மி.மீ. அகலமும் கொண்ட இரண்டு வளையங்களை மட்டும் மிச்சம் வையுங்கள். நன்றாகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டால், அதாவது வெட்டும் உளியால், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், 0.1 மி.மீ.க்கும் குறைந்த கட்டில் இரண்டு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் கடையுங்கள். கட் அதிகமானால் கம்பி வளைந்துகொடுத்துப் பொய் சொல்லும். பிறகு மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளங்கள். வெர்னியர் இதற்குப் போதாது.

நுனி வளையம் தடித்திருந்தால் பிட் அங்கே ஜாப்பை விட்டு விலகியிருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கு அடியில் மெல்லிய ஷிம் (தகட்டுத் துண்டு) வைத்தால் பெட்டின் மேல்புறம் பின்னால் சாயும், பிட் ஜாப்பை நோக்கிப் போகும். நுனி மெலிந்திருந்தால் ஷிம்மைப் பின்காலுக்கு அடியில் வையுங்கள். 0.1 மி.மீ. ஷிம் கிடைக்காவிட்டால் குளிர்பான டின்னை வெட்டிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். ஷிம், இறுக்கு, கடை, அள என்று நாலைந்து சுற்று வரும். 100 மி.மீ. தூரத்துக்கு 0.02க்குள் வந்துவிட்டால் வீட்டு லேத்துக்கு அது தாராளம். அந்தச் சோதனைக் கம்பியை எண்ணெய் தடவி லேத் பக்கத்திலேயே வைத்திருங்கள். வருகிறவர் கையில் அதையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்தால் மேற்கொண்டு எதுவும் பேச வேண்டியதில்லை.

கடையாமலே பார்க்கவும் வழி உண்டு. பழைய பிரின்டரில் தலை ஓடும் கம்பி கிரைண்டிங் செய்தது, விட்டம் மாறாது. அதைச் சக்கில் பிடித்து, பெட்டின் மேல் ஓடும் சேடிலில் டயல் வைத்து, சக்கின் பக்கம் ஒரு சுற்று சுற்றி அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். நுனியிலும் அதே. இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசமே பெட்டின் பிழை. சக்கின் அவுட்டும் கம்பியின் கோணலும் சராசரியில் கழிந்துவிடும். டயலைப் படுக்கைவாட்டில் வைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் கம்பி தன் எடைக்குத் தொங்குவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ரசமட்டம் வைத்து லெவல் பார்த்தேனே, அது போதாதா?

கப்பலில் இருக்கும் லேத்தும் நேராகத்தான் கடைகிறது. மட்டமாக இருப்பது வேறு, முறுக்கில்லாமல் இருப்பது வேறு. கொத்தனார் ரசமட்டத்துக்கு இரண்டுமே தெரியாது.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் சுற்று சும்மா சுற்றுகிறது. வெட்கப்பட வேண்டுமா?

கால் சுற்று கொஞ்சம் அதிகம்தான், நட்டை மாற்றுங்கள். டயலில் 0.1, 0.2 மி.மீ. அளவுக்கு ஆட்டம் இருப்பது எல்லா லேத்திலும் உண்டு. எப்போதும் முன்னோக்கிச் சுற்றி அளவுக்கு வந்தால் அது வேலையைப் பாதிக்காது. தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் இழுத்து மறுபடி முன்னால் வாருங்கள். இதைவிட முக்கியம் ஜிப்பின் (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) லூஸ். ஸ்லைடைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் டயல் முள் ஆடக்கூடாது, ஆனால் கைப்பிடி தேன் மாதிரி ஓட வேண்டும். ஜிப் திருகுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் அந்த நிலை கிடைக்கும்.

பழைய லேத் வாங்கிக் காட்ட ஆசை. சென்னையில் எங்கே தேடுவது, எதைப் பார்ப்பது?

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் சிறு பட்டறைகள் சி.என்.சி.க்கு (கணினி இயக்கும் மெஷினுக்கு) மாறும்போது பழைய லேத்துகள் வெளியே வரும். எச்.எம்.டி., ஹரிஹரில் செய்த கிர்லோஸ்கர், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. ஆகிய பெயர்களைக் கண்டால் நின்று பாருங்கள். வார்ப்பு நல்லது, எடையும் அதிகம். பஞ்சாபின் பட்டாலாவிலிருந்தும் குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்தும் வரும் லைட் டியூட்டி லேத்துகளில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பெயர்ப்பலகையை நம்பாமல் கையால் பாருங்கள்.

பெட் தேய்வது எப்போதும் சக்கின் பக்கத்தில்தான், ஏனென்றால் வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. சேடிலை டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோய் ஜிப்பைச் சற்று இறுக்கிவிட்டுச் சக்கை நோக்கித் தள்ளுங்கள். அங்கே இறுக்கமாகவும் இங்கே தொளதொள என்றும் இருந்தால் அந்த வித்தியாசம்தான் தேய்மானம். பெட் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டினால் சேடில் ஓடாத இடத்துக்கும் ஓடிய இடத்துக்கும் நடுவே ஒரு படி தட்டுப்படும். அடுத்து, மரை வெட்டும்போது சேடிலை இழுக்கும் லீட் ஸ்க்ரூவைப் பாருங்கள். சக் பக்கத்து மரையின் முகடு கத்தி போல் கூர்மையாகவும், டெயில்ஸ்டாக் பக்கத்து மரை தட்டையாகவும் இருந்தால் மரை வெட்டி வெட்டி ஓய்ந்த லேத் அது.

பெட் மேல் புத்தம் புதிதாக ஸ்க்ரேப்பிங் பூக்கள் (சுரண்டிப் போட்ட கோலம்) தெரிந்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். தேய்ந்த பெட்டில் அழகுக்காகப் பூப் போட்டு விற்பதும் உண்டு. வார்ப்பின் மேல் கனத்த புட்டி இருந்தால் அடியில் வெல்டிங் இருக்கலாம். கடைசியாக, எல்லோரும் மறப்பது: சேஞ்ச் கியர் (மரை அளவுக்கு ஏற்ப மாற்றிப் போடும் பற்சக்கரங்கள்) முழு செட்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கியர் காணாமல் போன லேத்துக்கு அதே மாட்யூலில் (பல் அளவில்) கியர் வெட்டி வாங்கும் செலவில் நல்ல ஃபோர் ஜா சக்கே வாங்கிவிடலாம்.

பிட், டிரில், டேப், பேரிங் வகையறாவுக்கு ஜார்ஜ் டவுனில் லிங்கி செட்டித் தெருவும் செம்புதாஸ் தெருவும். மோட்டார் டிரைவ், சுவிட்ச், பழைய பிரின்டர் கம்பி ஆகியவற்றுக்கு ரிச்சி தெரு.

மோட்டார் த்ரீ ஃபேஸ், வீட்டு லைன் சிங்கிள் ஃபேஸ். என்ன வழி?

வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) போடுங்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் உள்ளே வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸ் வெளியே தரும் வகையாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம்மூர்ச் சிறு மோட்டார்கள் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் கட்டி வருகின்றன. அப்படியே 230 கொடுத்தால் சுற்றும், ஆனால் கட் கொடுத்ததும் நின்றுவிடும். டெர்மினல் பெட்டியைத் திறந்து ஆறு முனைகள் இருந்தால் பட்டைகளை மாற்றி டெல்டா இணைப்பாக்குங்கள். மூன்றே முனை வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள் புதைந்திருக்கும். ரீவைண்டிங் கடையில் கொடுத்து வெளியே எடுக்கச் சொல்லலாம்.

வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த சுவிட்சும் வைக்காதீர்கள். ஓடும்போது அதை அணைத்தால் டிரைவ் போய்விடும். பழைய ஃபார்வர்டு–ரிவர்ஸ் சுவிட்சை டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்கு மாற்றுங்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிக நேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். குறைந்த வேகத்துக்கு பெல்ட்டை மாற்றுவதே சரி. மைஃபோர்டு போல மரையில் ஏறும் சக் என்றால் நிற்கும் நேரத்தை 4, 5 விநாடியாக வையுங்கள். சட்டென்று பிரேக் பிடித்தால் ஸ்பிண்டில் நின்று சக் மட்டும் கழன்று வரும்.

இரண்டாவது மாடியில் வைக்கலாமா?

40 கிலோ மினி லேத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நாலரை அடி லேத் பல நூறு கிலோ. எடை முழுவதும் சில கால்களில் இறங்கும். இந்தியத் தரக் குறியீட்டின்படி வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. கட்டட இன்ஜினியரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள். தரைத்தளமே எல்லா வகையிலும் நல்லது, வெள்ளம் வராத தெருவாக இருந்தால்.

கடல் காற்றிலும் மழைக்காலத்திலும் துருப்பிடிக்காமல் வைப்பது எப்படி?

அடையாறு, பெசன்ட் நகர், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களின் நிரந்தரக் கவலை இது. முதல் விதி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடாதீர்கள். ராத்திரி குளிரில் உள்ளே நீர் கோத்து பெட் மேலேயே சொட்டும். பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். தூசும் தடுக்கும், காற்றும் போகும்.

வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து 68ஆம் எண் ஸ்லைடுவே ஆயிலை மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஸ்ப்ரே டப்பாவில் வரும் ஈரநீக்கி எண்ணெய் சில நாளில் காய்ந்துவிடும், அதை நம்பி அக்டோபர் முதல் டிசம்பர் வரை லேத்தை விட்டுவைக்க முடியாது. தொட்ட விரல் ரேகை அடுத்த நாள் துருவாக எழுந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வியர்வையில் உள்ள உப்பின் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் சக்கைத் தடவிப் பார்ப்பார்கள். அவர்கள் போனதும் ஒரு முறை துடைத்து எண்ணெய் போடுங்கள்.

இரண்டாவது விதியைச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு போய்ப் பார்ப்பார்கள்: லேத் இருக்கும் அறையில் பாத்ரூம் ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் பவுடரையும் வைக்காதீர்கள். மூடியிருந்தாலும் ஆவி கசியும். ஒரு வாரத்தில் மைக்ரோமீட்டர் முதல் டிரில் செட் வரை எல்லாம் பழுப்பாகிவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. பிழைக்குமா?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற லேத்துகளுக்கும் செய்ய வேண்டியது இதுதான். வேகம் முக்கியம், மின்சாரம் மட்டும் கூடாது. முதலில் நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள். ஸ்லைடுகளை நகர்த்தாதீர்கள், மணல் அரைத்துவிடும். உடனே மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஹெட்ஸ்டாக், கியர்பாக்ஸ், ஏப்ரன் (சேடிலின் முன்பெட்டி) எண்ணெய் பால்டீ நிறத்தில் இருக்கும்; வடித்து, கழுவி, புதிதாக ஊற்றி, ஒரு வாரம் ஓட்டிய பின் மறுபடி மாற்றுங்கள். கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்ட் (அதன் மேல் உள்ள, சாய்க்கக்கூடிய ஸ்லைடு) எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். மோட்டார் நேராக வைண்டிங் கடைக்குப் போக வேண்டும். காய வைத்து, மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டிய பிறகே கரன்ட் கொடுக்கலாம். வி.எஃப்.டி. மூழ்கியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். சிறந்த வைத்தியம், டிரைவையும் சுவிட்ச் பெட்டியையும் முதலிலேயே தலை உயரத்தில் மாட்டுவது.

ஆயுத பூஜைக்கு லேத்துக்குப் பொட்டு வைக்கலாமா?

தாராளமாக. எங்கே என்பதுதான் கேள்வி. சந்தனமும் குங்குமமும் ஹெட்ஸ்டாக் மூடி, மோட்டார் மூடி, ஸ்டாண்டு போன்ற பெயின்ட் அடித்த இடங்களில் மட்டும். பெட்டிலும் சக்கிலும் ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி இருந்தால் பொட்டின் வடிவத்திலேயே துரு அச்சாக விழும். விபூதி சாம்பல், எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசை. மிக மோசமானது நறுக்கிய எலுமிச்சை, அதன் சாறு இரும்பை அரிக்கும். பெட் மேல் வைத்தே ஆக வேண்டும் என்றால் முழுப் பழமாக, வாழை இலைத் துண்டின் மேல், எண்ணெய் தடவிய பிறகு. பொரியைத் தட்டில் வைத்துத் தள்ளி வையுங்கள். சேஞ்ச் கியரில் விழுந்த பொரியும் வெல்லப்பாகும் அடுத்த பூஜை வரை மணக்கும்.

பூஜையன்று மெஷினை ஓட்டுவதில்லை என்பதால் விருந்தினர் பார்ப்பது அலங்காரம் மட்டுமே. விஜயதசமி காலையில் மாலையைக் கழற்றிவிட்டு முதல் ஜாப்பை அவர்கள் முன்னிலையில் கடையலாம்.

பார்வையாளர் முன்னால் கடைந்து காட்ட எது நல்லது?

பித்தளை விரல் பம்பரம். இருபது நிமிடத்தில் முடியும், ஒரே பிடிப்பில் முடியும், கையோடு கொடுத்தனுப்பலாம். லேத் சரியில்லை என்றால் மேசை மேல் ஆடி எல்லோருக்கும் சொல்லிவிடும் என்பது கூடுதல் சுவாரசியம்.

32 மி.மீ. பித்தளைக் கம்பியை 45 மி.மீ. வெளியே விட்டுப் பிடியுங்கள். வேகம் 600 ஆர்.பி.எம். சுமார். பிட்டின் மேல்முகம் தட்டையாக, ரேக் (சாய்வு) இல்லாமல் இருக்க வேண்டும். எஃகுக்குத் தீட்டிய பிட் பித்தளையில் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். முகத்தை ஃபேஸ் செய்து, சென்டர் டிரில் வைத்து, 3 மி.மீ. டிரிலால் முழு விட்டம் வந்த பிறகு 1.5 மி.மீ. ஆழம் இறக்குங்கள். ஆணிக்குப் பதில் இதில் 3 மி.மீ. பேரிங் குண்டு உட்காரும். துளையின் அடியில் உள்ள கூம்பு குண்டைத் தானே நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், முக்கால் மி.மீ.க்குச் சற்று மேல் வெளியே நிற்கும்.

அடுத்து 30 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து, காம்பவுண்டைச் சாய்த்து முதல் 8 மி.மீ. நீளத்தை மூக்கு நோக்கிக் கூம்பாக்குங்கள், மூக்கில் 5 மி.மீ. மிச்சம் இருக்கட்டும். அதற்குப் பின்னால் 10 மி.மீ. அகலத்துக்கு முழு விட்டத்தை விட்டுவிடுங்கள். எடை ஓரத்தில் இருந்தால்தான் வெகுநேரம் சுற்றும். அதற்கும் பின்னால், 3 மி.மீ. பார்ட்டிங் (அறுக்கும்) பிட்டால் பக்கம் பக்கமாக இறக்கி 5 மி.மீ. விட்டத்தில் 18 மி.மீ. நீளக் காம்பை உருவாக்குங்கள். காம்பை முதலில் செய்தால் கனமான தலை மெல்லிய கழுத்தில் ஆடும், அதனால் கடைசியில். அறுத்து எடுத்த பின் குண்டை ஒரு சொட்டு ரிடெய்னிங் பசையில் வைத்து அழுத்துங்கள்.

பார்ட்டிங் செய்யும்போது லேத் அலறுகிறது, பிட் சிக்குகிறது. ஏன்?

சிறிய லேத்தின் மானம் போகும் இடம் இதுதான், பெரும்பாலும் ஐந்து காரணங்களில் ஒன்று.

பிட் உயரம் தப்பு. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை உருண்டை ஜாப்புக்கும் பிட் நுனிக்கும் நடுவே மெல்லச் சிக்கவைத்துப் பாருங்கள்: ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் பிட் தாழ்வு, சக்கின் பின்புறம் சாய்ந்தால் உயர்வு, நேராக நின்றால் சென்டர். பிளேடு அதிகமாக நீண்டிருப்பது இன்னொன்று. ஜாப்பின் ஆரத்தைவிட 3 மி.மீ. கூட நின்றால் போதும். அறுக்கும் இடம் சக்கை விட்டுத் தள்ளியிருப்பது மூன்றாவது. சேடில் லாக் செய்யாதது நான்காவது.

ஐந்தாவது பயம். அலறல் கேட்டதும் கை பின்வாங்குகிறது, பிட் வெட்டாமல் உரசுகிறது, அலறல் கூடுகிறது. 25 மி.மீ. மைல்ட் ஸ்டீலைக் கடைய 350 ஆர்.பி.எம். என்றால் அறுக்க அதில் பாதி. கட்டிங் ஆயிலைத் தூரிகையால் தொடர்ந்து விட்டுக்கொண்டே சீராக, தைரியமாக ஃபீட் கொடுங்கள். இவ்வளவும் செய்து தீராவிட்டால் பிளேடைத் தலைகீழாகக் கிராஸ் ஸ்லைடின் பின்பக்கம் பொருத்துங்கள். அது ஏன் உதவுகிறது என்று கணக்குப் போட்டு விளக்குவதில் அபிப்பிராய பேதம் உண்டு, வேலை செய்வதில் இல்லை.

வீட்டு வேலையில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பியில் பழகலாமா?

வேண்டாம். அதன் வெளித்தோல் நீரில் குளிர்வித்துக் கடினமாக்கப்பட்டது, மேலே வரி வேறு. பிட் ஒவ்வொரு வரியிலும் இடிபடும், முகம் கரடுமுரடாக வரும், உங்கள் மேல் உங்களுக்கே நம்பிக்கை போகும். இ.என்.1ஏ (எளிதில் கடையக்கூடிய எஃகு) பிரைட் பார் அரை மீட்டர் வாங்குங்கள். கண்ணாடி மாதிரி வரும். வலு வேண்டிய வேலைக்கு இ.என்.8.

அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள பழைய லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டிக் காட்ட முடியுமா?

முடியும். துல்லியமான வழி 127 பல் கியர், 25.4ஐ ஐந்தால் பெருக்கினால் வருவது. அவ்வளவு பெரிய கியர் உள்ளே இடிக்கும் என்றால் 127க்கு 100 என்பதற்குப் பதிலாக 80க்கு 63 போடுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு எட்டில் ஒரு மி.மீ. பிழைதான் வரும், போல்ட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் வேலை முடியும் வரை, லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறக்கக்கூடாது. பிட்டை வெளியே இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித் திரும்ப வாருங்கள். திறந்து மூடினால் மரை இரட்டை வெட்டு விழும்.

குழந்தைகளும் பெரியவர்களும் சுற்றி நிற்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சக் சுற்றும் வட்டத்தின் நேர்க்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். ஜாப் கழன்றால் அந்தத் திசையில்தான் பறக்கும். டெயில்ஸ்டாக் பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தி, எல்லோருக்கும் கண்ணாடி கொடுங்கள். ஓட்டுகிறவர் லுங்கி, தோள் துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, மோதிரம், கையுறை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அது அறாது, கையைத்தான் இழுக்கும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு யாரோடும் பேசாதீர்கள். கூட்டம் இருக்கும்போதுதான் அந்தத் தப்பு நடக்கும்.

சீவலை என்ன செய்வது?

நீளச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கியால் இழுங்கள். பித்தளை, அலுமினியம், இரும்பு மூன்றையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். பித்தளைத் தூளில் இரும்பு கலந்திருந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் காந்தத்தை ஒரு முறை விட்டுப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் விலையைக் குறைப்பார். நீங்களே முதலில் காந்தத்தை விட்டு எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தை வைத்துத் துழாவினால், காந்தத்தை வெளியே எடுத்துப் பையை உதறியதும் இரும்பு தனியே விழும்.